பூவுக்குப் பரிசு, மண் யாருக்கு?

நெருக்கடியான நகரப் பகுதிகளில் குடியிருப்போரிடையே தோட்டப் போட்டி வைப்பது உலகம் முழுக்க நடக்கிற காரியம். அடுக்குமாடி, சந்து, மொட்டை மாடி, வாசற்படி என்று எங்கே ஒரு சாண் இடம் கிடைத்தாலும் செடி வை, நன்றாக வளர்த்தவருக்குப் பரிசு என்பதுதான் இதன் சுருக்கம். கேட்பதற்கு இதில் தப்பு ஒன்றும் இல்லை. பூ யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் மதிப்பெண் போடுகிறவர் யார், எதற்குப் போடுகிறார், பூ நிற்கிற மண் யாருடையது என்று கேட்க ஆரம்பித்தால் இது பொழுதுபோக்கு விவகாரம் அல்ல, அறம் பற்றிய கேள்வி என்பது தெரியவரும். தலித்துகளாகிய நமக்கு அந்தக் கேள்வி புதியதும் அல்ல.

1860இல் லண்டன் புளூம்ஸ்பரி பகுதியில் ஏழைகளுக்காக ஒரு மலர்க் காட்சி நடத்தப்பட்டது. அதில் முன்னின்றவர் சாமுவேல் ஹேடன் பார்க்ஸ் என்ற பாதிரியார். தரையில் மண்ணே இல்லாத குடியிருப்புகள். சன்னலில் வைத்து வளர்த்த தொட்டிச் செடிகளைச் சனங்கள் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். நல்ல செடிக்குப் பரிசு. 1864இல் பார்க்ஸ் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மக்களுக்கான சன்னல் தோட்டம் என்பதோடு சுத்தமான, ஒழுங்கான அறைகள் என்பதையும் அதன் தலைப்பிலேயே சேர்த்திருந்தார். செடிக்கு வைத்த போட்டி எப்படி அறையின் சுத்தத்துக்குப் போனது? ஏழையின் சிக்கல் அவனுடைய கூலியில் இல்லை, வாடகையில் இல்லை, பழக்கவழக்கத்தில் இருக்கிறது என்கிற கருத்தியல்தான் காரணம். இந்தக் குரலை நாமும் கேட்டிருக்கிறோம். "குளிச்சு முழுகிச் சுத்தபத்தமா இருந்தா உங்கள யாரு ஒதுக்கப் போறா?" என்று சேரிக்குள் வந்து உபதேசம் செய்தவர்கள் எத்தனை பேர்! தீண்டாமைக்குக் காரணம் தீட்டுப் பார்க்கிறவனிடம் இல்லையாம், ஒதுக்கப்பட்டவனின் அழுக்கில் இருக்கிறதாம். அழகுக்குப் பரிசு என்று சொல்லிக்கொண்டு அடங்கி நடப்பதற்குப் பரிசு கொடுக்கிற ஆபத்து, இந்தப் போட்டிகளுக்குள் பிறப்பிலிருந்தே இருக்கிறது.

அதற்காக இது முழுக்க ஏமாற்று என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் 1960களின் தொடக்கத்தில் தன் அடுக்குமாடிகளில் குடியிருந்த ஏழை வாடகைதாரர்களுக்குத் தோட்டப் போட்டி வைத்தது. நடுவராகப் போன சார்லஸ் லூயிஸ் என்ற தோட்டக்கலையாளர் தான் கண்டதைப் பின்னாளில் விரிவாக எழுதினார். குடியிருப்போர் தாங்களே வைத்த செடிகளுக்குத் தாங்களே காவல் இருந்தார்கள். ஒரே கட்டடத்தில் முகம் பார்த்துப் பேசாதவர்கள் செடியைச் சாக்காக வைத்துப் பேசத் தொடங்கினார்கள். பரிசு கிடைக்காதவர்களும் அடுத்த வருஷம் செடி வைத்தார்கள். இங்கே நடந்தது என்ன? போட்டி ஏழையைத் திருத்தவில்லை. ஏழைகள் போட்டியைத் தங்கள் தேவைக்குத் திருப்பிக்கொண்டார்கள். "இது எங்க இடம்" என்று சொல்ல ஒரு வாய்ப்பாக அதை ஆக்கினார்கள்.

ஆனால் இடம் அவர்களுடையதா? அதே நகரத்தில் 1970களில், கட்டடங்கள் இடிந்து குப்பைமேடாகக் கிடந்த மனைகளைக் கறுப்பின மக்களும் போர்ட்டோரிக்கர்களும் சுத்தம் செய்து தோட்டம் ஆக்கினார்கள். 1978 முதல் நகராட்சி பெயருக்கு ஒரு குத்தகை போட்டு அவற்றை அவர்களிடம் விட்டது. குப்பையாக இருந்தவரை அந்த மண்ணை யாரும் சீண்டவில்லை. அவர்கள் பாடுபட்டுப் பூக்கவைத்த பிறகு சுற்றுவட்டாரத்தில் மனை விலை ஏறியது. 1999இல் மேயர் ஜூலியானி நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. சனங்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கடைசியில் இரண்டு தொண்டு அமைப்புகள் பணம் கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. சிங்கப்பூரில் 2005இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வீவக அடுக்குமாடிகளின் அடிவாரத்தில் கறிவேப்பிலையும் வெண்டையும் வளர்க்கிறார்கள், சிறந்த தோட்டத்துக்கு விருதும் தருகிறார்கள். சனங்களுக்கு அதில் உண்மையான சந்தோஷம் இருக்கிறது. என்றாலும் மண் அரசுடையது. தோட்டம் நிற்பது அனுமதியில், உரிமையில் அல்ல. பாடுபட்டவனுக்குப் பாராட்டு, மண்ணுக்கு வேறொருவன் சொந்தக்காரன் என்ற ஏற்பாடு ஊருக்கு ஊர் வேறு வேறு பெயரில் நடக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நிலக்கோட்டை என்றால் பூ. மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம், செவ்வந்தி என்று விடியுமுன்னே சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த எல்லைக்குள் திண்டுக்கல் மாவட்டமும் வந்தது. மண்ணின் பெருமைக்கு அரசாங்க முத்திரை. நல்லதுதான். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், வரத்துக் கூடினால் கேட்பாரற்றுக் கிடக்கும். விலை ஏறினாலும் இறங்கினாலும் பறிக்கிறவளுக்குப் பறிகூலிதான். மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும், அதனால் இருட்டோடு எழுந்து, பனியில் நனைந்து, இடுப்பு ஒடியக் குனிந்து நிற்கிற பெண்களில் நம் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த முத்திரையும் சொல்வதில்லை. எங்கள் ஆத்தா பூப்பறிக்கப் போன காலத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறுமுன் மடியை உதறிக் காட்டச் சொல்வார்களாம். "கூடை கூடையாப் பறிச்சோம்டா, தலையில வைக்க ஒரு கிள்ளு வெலைக்குத்தான் வாங்கணும்" என்பாள். நிலக்கோட்டை பல பத்தாண்டுகளாகத் தனித்தொகுதி. சட்டமன்றத்தில் நமக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பூந்தோட்டத்தில் ஒதுக்கியது வரப்போரம்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது உறைக்க வேண்டும். நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்த இலக்கியம் நம்முடையது: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் வரிசையாக வருகின்றன என்று வகுப்பறையில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதே தமிழ்மண்ணில் பூச்சூடத் தடை விதிக்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள் என்பதை எந்த வகுப்பறையில் சொல்கிறார்கள்? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, செருப்பும் குடையும் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பவற்றோடு, பெண்கள் பூ வைக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த வருஷம் 1931இல் தடைகள் பதினொன்றாயின. சொந்தமாக நிலம் வைத்திருப்பவர்கள் அதை மிராசுதாரர்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் பாசனத் தண்ணீர் கிடையாது, மழையை நம்பி விளைவித்தாலும் அறுவடையில் கொள்ளையடிக்கப்படும் என்பதும் அவற்றில் சேர்ந்தது. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தலையில் இருக்கிற பூவையும் காலடியில் இருக்கிற மண்ணையும் சாதி ஒன்றாகவே பார்த்தது. பூ வைத்தவள் நாளைக்கு நிலம் கேட்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நம் தோழர்கள் சிலருக்குத்தான் இது தெரிவதில்லை. "முதல்ல நிலம், கூலி. பூவும் தொட்டியும் நடுத்தர வர்க்கத்துச் சமாச்சாரம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அழகு வயிறு நிறைந்தவனுக்கு மட்டும் உரியது என்றால், எதிரி சொன்னதையே நாமும் வேறு வார்த்தையில் சொல்கிறோம் என்றாகும். ஒரு முழம் பூவுக்காக வீடு எரிந்த சனங்களின் பிள்ளைகள் நாம். நமக்கு அழகு ஆடம்பரம் அல்ல, பறிக்கப்பட்ட உரிமை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சாதியின் கண்ணுக்குப் பூ தூய்மை, எரு தீட்டு. எருவை அள்ளிய கைக்குப் பூவைச் சாமிக்குச் சாத்தும் உரிமை இல்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் பூ எத்தனையோ நூற்றாண்டுகளாகப் போய்வந்தது. நம்மவர்கள் உள்ளே நுழைந்தது 1939 ஜூலை 8 அன்றுதான். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்றார் அம்பேத்கர். தோட்டத்தில் அதை அப்படியே பார்க்கலாம். குழி வெட்டுகிறவர், எரு சுமக்கிறவர், பறிக்கிறவர், தொடுக்கிறவர், மாலையை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர் என்று வரிசை நிற்கிறது. ஆனால் மண்ணுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அழுகியது, மக்கியது, சாணி எல்லாம் உள்ளே போய்த்தான் மல்லியாக வெளியே வருகிறது. சொந்தக் கையால் தோட்டம் போடுகிற எவரும் இதைத் தொட்டே ஆகவேண்டும். நேர்மையாகச் செய்தால், தோட்ட வேலை தீட்டுக் கருத்தியலுக்கு எதிரான பாடம்தான். அந்தப் பாடத்தைப் படிக்காமல் எருவை மூட்டையில் வாங்கி, வேலைக்கு ஆள் வைத்து, பரிசை மட்டும் தான் வாங்கிக்கொள்கிறவரைத் தோட்டக்காரர் என்று எப்படிச் சொல்வது?

சென்னையில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்து, மானிய விலையில் பையும் விதையும் கொடுத்தது. பையை வாங்கலாம், மாடி வேண்டுமே! நகரத்தின் நடுவே, ஆற்றோரம் குடியிருந்த சனங்களை 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குவித்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். எட்டாவது மாடிக்குக் குடத்தில் தண்ணீர் தூக்குகிறவள் அதில் ஒரு சொம்பைச் செடிக்கு ஊற்றுகிறாள் என்றால், அந்தச் சொம்பின் கனத்தை எந்த நடுவர் அளப்பார்? போர்க் குழாயும் தோட்டக்காரரும் உள்ள பங்களாவின் ரோஜாவுக்குப் பக்கத்தில் இவளுடைய பெயிண்ட் டப்பாத் துளசியை வைத்து, "எல்லாருக்கும் ஒரே விதி" என்று மதிப்பெண் போட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது. தொடங்கும் இடம் ஒன்றாக இல்லாதபோது ஒரே விதி என்பது, முன்னால் நிற்பவனுக்குச் செய்கிற உதவி.

அப்படியானால் போட்டியே கூடாதா? கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் சனங்களுக்குப் போட்டி பிடிக்கும். கோலம், கபடி, பறையாட்டம் எதில் நாம் போட்டி போடவில்லை? கேள்வி, போட்டி யாருடைய கையில் இருக்கிறது என்பது. நடுவர் வெளியிலிருந்து வந்து சுத்தம் பார்க்கிறவராக இல்லாமல் அங்கேயே குடியிருப்பவர்களாக இருக்கட்டும். தனித்தனி வீடு மோதாமல் கட்டடம் கட்டடமாகச் சேர்ந்து செய்யட்டும். பூவின் அளவைப் பார்க்குமுன், எவ்வளவு இடத்தில், எவ்வளவு தண்ணீரில், எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தி வளர்த்தார் என்று பார்க்கட்டும். எரு செய்த கைக்கும் மதிப்பெண் இருக்கட்டும். முக்கியமாக, பரிசு வெள்ளிக் கோப்பையாக வேண்டாம். அந்தக் குடியிருப்புக்குப் பொதுவில் ஒரு துண்டு மண்ணும், அதில் ஒரு தண்ணீர்க் குழாயும், யாரும் நாளைக்கு வந்து ஏலம் போட முடியாத ஒரு பட்டாவும் பரிசாக இருக்கட்டும். அப்போது வென்றவர் ஒருவராக இருந்தாலும் பெற்றவர்கள் எல்லோரும்.

இதைக் கேட்டால் அதிகப்படி என்பார்கள். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்கள் முன்னேற நிலம் வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலங்கள் வந்தன. அந்த நிலங்கள் சட்டத்தை மீறிக் கைமாறிப்போயின. திருப்பிக் கேட்டுக் கரணையில் திரண்டபோது, 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கொடுத்த மண்ணைக் கேட்டதற்கே குண்டு. ஆகவே மண் கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பது நமக்குத் தெரிந்தே கேட்கிறோம்.

பரிசு கொடுக்க ஒருவன் மேலே இருக்க வேண்டும், வாங்க ஒருவன் கீழே நிற்க வேண்டும். உரிமைக்கு அந்த மேடை தேவையில்லை. நகரத்துச் சந்திலோ நிலக்கோட்டைத் தோட்டத்திலோ ஒருத்தி தான் வைத்த செடியில், தான் ஊற்றிய தண்ணீரில் பூத்ததை, யாரிடமும் மடியை உதறிக் காட்டாமல் பறித்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வழி செய்கிற போட்டிக்கு நாமும் போவோம். வழி செய்யாத போட்டிக்கு வருகிற நடுவரிடம், மதிப்பெண் போடுமுன் ஒன்றை மட்டும் கேட்போம்: "பூ நல்லாருக்கு, சரி. மண்ணு யாரோடது?"