ஊர் விஷயத்தை வெளியே சொல்லலாமா?

'ஊர் விஷயத்த எதுக்குடா கலெக்டர் வரைக்கும் கொண்டுபோற? உள்ளயே பேசித் தீத்துக்கலாமே.'

டீக்கடைத் தனி கிளாஸ் பற்றி நாங்கள் மனு எழுதியபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் என் அப்பாவிடம் சொன்னது இது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் பேச்சை நல்லாவே படிச்சிட்டார். 'உள்ள பேசுற எடத்துல எங்கள ஒக்காரவே வுட்டதில்லயே சாமி. அப்புறம் எங்க போய்ப் பேசறது?' என்றார்.

அதே பேச்சை 2001இல் டெல்லி பேசியது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. சாதியையும் அங்கே பேச வேண்டும் என்று தலித்துகள் போய் நின்றார்கள். சாதி வேறு, இனம் வேறு. அதை எங்கள் அரசியல் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றது இந்திய அரசு. மாநாட்டின் பிரகடனத்தில் சாதி என்ற சொல்லே வரவில்லை. ஆனால் அடுத்த வருடமே, 2002இல், ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29ஆவது பொதுப் பரிந்துரையில், வம்சாவளியை வைத்துக் காட்டும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று எழுதியது. வெளியே போய்ச் சொன்னது வீண்போகவில்லை.

இந்த வழி நமக்குப் புதுசும் இல்லை. 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். அங்குள்ள கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். தீண்டப்படாத மக்களுக்காகவும் அப்படி ஒரு மனு கொடுக்கும் யோசனை அவருக்கு இருந்தது. நாடு இன்னும் விடுதலையே அடையவில்லை, அதற்குள் வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதா என்று அவர் தயங்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் ஒருநாள் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2016 ஜூன் 30 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் ஒரு தீர்மானம் வந்தது. தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் மீதான வன்முறையையும் பாகுபாட்டையும் கவனிக்க ஒரு தனி வல்லுநரை நியமிக்கும் தீர்மானம். அவரிடம் போலீசும் கிடையாது, சிறையும் கிடையாது. நாடுகளுக்குப் போய்ப் பார்ப்பார், அறிக்கை எழுதுவார், அரசுகளைக் கேள்வி கேட்பார். அவ்வளவுதான். ஆதரவு 23, எதிர்ப்பு 18. ஆறு நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கின. அந்த ஆறில் இந்தியாவும் ஒன்று. 377ஆம் பிரிவு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். சரி. 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பும் வந்தது. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை என்றாகிவிட்டது. இனியாவது கை தூக்குவார்கள் என்று பலரும் நினைத்தார்கள்.

2019 ஜூனில் எங்கள் தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இயக்கத்தில் பத்து வருசமாகக் கொடி கட்டி, போஸ்டர் ஒட்டி வளர்ந்தவன். அடுத்த மாதம் அந்த வல்லுநரின் பொறுப்பை நீட்டிக்க மறுபடி வாக்கெடுப்பு வருகிறது, இந்தியா ஆதரிக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். 'நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நம்ம ஆளுங்க நாலு பேரு போடுவாங்கண்ணா' என்றான்.

'இப்ப வேணாம் தம்பி' என்றேன். 'நமக்கே ஆயிரம் பிரச்சினை கெடக்கு. இதத் தூக்கிக்கிட்டு வெளிய போனா நம்மளத்தான் கேவலமாப் பேசுவானுங்க. மொதல்ல உள்ளயே பேசிக்கலாம்.'

அவன் என்னையே பார்த்தான். 'உள்ள எங்கண்ணா பேசறது? வூட்ல சொன்ன அன்னிக்கே அடிச்சுத் தொரத்திட்டாங்க.' கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூலை 12இல் வாக்கெடுப்பு. ஆதரவு 27, எதிர்ப்பு 12, ஒதுங்கியவர்கள் 7. அந்த ஏழில் மறுபடியும் இந்தியா. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் டெல்லி மாறியிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏழோடு நான் எட்டாவதாக நின்றேன் என்பதும் தெரியும்.

ஒதுங்குவது நடுநிலை என்கிறார்கள். சேரி எரிந்த ராத்திரிகளை நினைத்துப் பாருங்கள். ஊரில் எல்லோருமா கொளுத்தினார்கள்? நல்லவர்களும் இருந்தார்கள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொளுத்தியவனுக்கு அதுக்கு மேல என்ன ஒத்தாசை வேணும்?

தீண்டாமையும் இதுவும் ஒன்றல்ல என்று சில தோழர்கள் சொல்வார்கள். ஒன்றல்லதான். பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டு நான் வீட்டுக்கு ஓடிவந்தால் ஆத்தா மடி இருந்தது. அதே அவமானத்தை அவளும் பட்டிருந்தாள். அந்தப் பையனுக்கு முதலில் சாத்தியதே ஆத்தா வீட்டுக் கதவுதான். நமக்காவது சேரி என்று ஓர் உள் இருந்தது. உள்ளே இடமே இல்லாதவனுக்குத்தான் வெளியே ஒரு கதவு இன்னும் அவசியம். சர்வதேசப் பாதுகாப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான்.

இது வெள்ளைக்காரன் சரக்கு என்றும் சொல்கிறார்கள். 377ஐ 1860இல் எழுதியவன் யார்? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு, அதன் ஒரு பகுதியில் சாதிகளையும் இன்னொரு பகுதியில் ஹிஜ்ராக்களையும் பதிவேட்டில் ஏற்றியவன் யார்? பேரவையில் 2011இல் இது பற்றிய முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தது தென்னாப்பிரிக்கா. 2016 தீர்மானத்தைக் கொண்டுவந்தவை பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகள். நமக்குப் பாடம் சொல்லும் அமெரிக்கா டர்பன் மாநாட்டிலிருந்து பாதியில் வெளிநடப்புச் செய்த நாடு.

பணக்கார நாடுகள் மனித உரிமையைச் சாட்டையாக வீசுவதும் உண்மை. 2011இல், தன்பாலீர்ப்பாளர்களை ஒடுக்கும் நாடுகளுக்கு உதவித்தொகையை வெட்டுவோம் என்று பிரிட்டன் மிரட்டியபோது ஆப்பிரிக்கச் செயல்பாட்டாளர்களே அதை எதிர்த்தார்கள். உதவி நின்றால் பழி எங்கள் தலையில்தான் விழும் என்றார்கள். அதனால்தான் நாம் தட்ட வேண்டியது லண்டன் கதவை அல்ல, டெல்லி கதவை. நம் பெயரைச் சொல்லித்தானே அந்த அவையில் இந்தியா உட்கார்ந்திருக்கிறது?

2022இலும் இந்தியா ஒதுங்கியது. 2025இல் வல்லுநரின் பொறுப்பு மேலும் மூன்று ஆண்டுகள் நீண்டபோது இந்தியா பேரவையில் இல்லை. 2026 முதல் 2028 வரை மறுபடி இடம் பெற்றிருக்கிறது. 2028இல் வாக்கெடுப்பு வந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பையன் மறுபடி என் வீட்டுப் படியேறுவான் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. அவனைத் தேடிப் போய், அந்தக் கடிதத்தை எடு தம்பி என்று கேட்கப் போகிறேன். மனு எழுதுவது நமக்கு அப்பன் காலத்துப் பழக்கம்.