சாலுக்கு ஒரு எண்

விக்கிரமங்கலத்தில் திண்ணையில் உட்கார்ந்து அப்பாயி பாடியதை போனில் பதிவு செய்தேன். ஏற்றப்பாட்டு. பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கி, சாலுக்கு ஒரு எண்ணாக ஏறிக்கொண்டே போகும் பாட்டு. தாத்தா பாடிக் கேட்டது. முடிந்ததும் "எவ்ளோ அழகா இருக்கு அப்பாயி" என்றேன். "அழகா? ஊரான் கொல்லைக்கு எறச்சதுடா. மறுநா கால ஊனி நிக்க முடியாது" என்றார்.

இந்தக் கடைசி வரிகளை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும்தான் சேமித்து வைத்திருந்தேன்.

துலாமரத்தின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார். மேலே இருப்பவருக்கு அடி தவறினால் விழவேண்டியதுதான். எல்லார் உடம்பையும் ஒரே தாளத்தில் வைத்திருந்தது பாட்டு. கணக்குப் புத்தகமும் அதுதான். எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டின் எண் சொல்லிவிடும். அந்தக் கணக்கு யாருடையது என்பதுதான் என் கேள்வி. வேலையை லேசாக்கும் பாட்டு, வேலை வாங்குகிறவனுக்கும் லாபம்தானே? டைம்ஷீட்டில் எட்டு மணி நேரத்தை நிரப்ப ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும் கேள்வி.

அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸ், 1845ல் வெளியான தன் வரலாற்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமைகள் பாடுவதை அவர்கள் நிம்மதியாக இருப்பதற்குச் சாட்சியாக வடக்கில் சிலர் பேசியது அவருக்குத் திகைப்பாக இருந்தது. துயரம் கூடும்போதுதான் அதிகம் பாடினார்கள் என்கிறார். அதே மரபில் 'சில்ட்ரன், கோ வேர் ஐ செண்ட் தீ' என்ற எண்ணுப்பாட்டு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண் கூடும்; கூடியதும் பழைய எண்களை எல்லாம் திரும்பச் சொல்லி ஒன்றுக்கே இறங்கும். ஒன்று என்பது பெத்லகேமில் பிறந்த குழந்தை. அந்த எண்களை வைத்து எந்த முதலாளியும் கூலிக் கணக்குப் போட முடியாது.

ஏற்றத்தின் எண்ணை வைத்துப் போடலாம். ஆனால் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே பாடுகிறவர் என்ன வைப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஏற்றக்காரரின் அடுத்த அடி தெரியாமல் கம்பரே காத்திருந்தார் என்று ஒரு கதை. ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று பழமொழியும் இருக்கிறது. எண் கொல்லைக்காரனுக்குப் போனது. இடைவெளி தாத்தாவிடம் இருந்தது.

இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. இடைவெளி கிடைத்ததால் உழைப்பு நியாயமாகிவிடாது. டக்ளஸ் எச்சரித்ததும் கேட்கிறவர்களைத்தான். பாட்டு அழகாக இருப்பதில் தப்பில்லை. அழகு போதும் என்று மிச்சத்தை வெட்டுவதில்தான் தப்பு.

நல்லவேளை, மூலப்பதிவு போனிலேயே இருந்தது. அப்பாயி கடைசியில் சொன்னதையும் சேர்த்துத்தான் இனி யாருக்கும் அனுப்புவேன்.