மூதாதையர் தேடலும் அறமும்

தன் குலத்தின் தொடக்கம் யாதென அறிய விழைதல் மனித இயல்பு. அண்மைக்காலம் வரை அவ்விழைவு நிறைவேறும் வாய்ப்பு, சுவடிக்கூடங்களுக்குச் சென்று தங்கும் பொருள்வசதியும் பிறமொழிப் பயிற்சியும் உடைய சிலருக்கே இருந்தது. இன்று நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் கட்டணமின்றி வாசிக்கத் தருகின்றது. வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி எழுதி 1895இல் வெளிவந்த கைந்நூலையும் இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கிளிநொச்சியில் இருப்பவரும் ரொறன்ரோவில் இருப்பவரும் ஒரே பக்கத்தை ஒரே வேளையில் புரட்டக்கூடும். ஆயின், ஏடுகள் திறந்துவிட்டமையால் உண்மையும் திறந்துவிட்டதாகுமா? தேடிக் கண்ட மூதாதையர்பால் தேடுவோனுக்குரிய கடமை யாது? இவ்விரு வினாக்களும் வன்னியை நிலைக்களனாகக் கொண்டு ஆராயத்தக்கவை.

முதலாவதாக, பதிவேடு எதற்காக எழுதப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் தோம்பு எழுதியது காணிக்கும் தலைக்கும் வரியும் ஊழியமும் பெறுதற்பொருட்டு. 1871இல் ஆங்கிலேயர் இலங்கை முழுவதிலும் குடிசனத்தைக் கணக்கிட்டமை ஆட்சியின் வசதிக்காகவே. எனவே, ஏட்டில் காணப்பெறுபவன் முழு மனிதனல்லன். ஆட்சியாளன் கண்ட அளவிலான மனிதன். அவன் எத்தனை பரப்புக் காணி வைத்திருந்தான் என்பது தெரியும். எதற்காக அழுதான் என்பது தெரியாது.

வன்னியின் மக்கட்பரம்பலும் இத்தேடலை அரிதாக்குகின்றது. குளங்களை அண்டி வாழ்ந்த பழங்குடிகள் ஒருபுறம். 1930களிலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் இன்னொருபுறம். 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின்னர் அடைக்கலம் தேடிவந்த மலையகத் தமிழர் மற்றொருபுறம். மூன்றாமவருடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். அவ்வழியில் கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையானோருட் பெரும்பாலாருக்குக் கல்லறையுமில்லை, கல்வெட்டுமில்லை. எஞ்சியோர் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் கூலி பெறும் கைகளாக எண்ணப்பட்டனர். ஆக, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் இரு அயலவருள் ஒருவருக்கு எட்டுத் தலைமுறை ஏட்டிற் கிடைக்கலாம். மற்றவருக்குப் பாட்டனின் பெயரோடு வழி அடைபட்டுவிடலாம். இவ்வேறுபாடு குலத்தின் உயர்வு தாழ்வன்று. எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பதன் விளைவே.

பெயர் பற்றிய இடரும் சிறிதன்று. மேனாட்டார் அமைத்த தேடற் பொறிகள் குடும்பப்பெயர் ஒன்று தலைமுறைதோறும் தொடரும் என்னும் எண்ணத்தில் எழுந்தவை. தமிழரிடையே தந்தையின் பெயரே மகனுக்கு முதலெழுத்தாகின்றது. அடுத்த தலைமுறையில் அது மறைகின்றது. கந்தையா என்னும் ஒரே பெயரை எழுதுவினைஞர் பலர் ஆங்கிலத்திற் பலவாறு எழுதினர். பெண்களோ பெரும்பாலும் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற அளவில் ஒடுங்கினர். அந்தியேட்டியன்று வெளியிடப்பெறும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூல் வமிசாவளியையும் திதியையும் கூறி, அரசாங்க ஏடு கூறாதவற்றை ஓரளவு நிறைவுசெய்கின்றது. எனினும், அதனை அச்சிடும் வசதியும் எல்லாருக்கும் வாய்த்ததில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பழைய ஏடுகள் சாதியைக் குறித்தே மக்களை வகுத்தன. 1844இல் அடிமைமுறை இலங்கையிற் சட்டப்படி ஒழிக்கப்படுமுன், அடிமைகளும் உடைமைகளாகப் பதியப்பட்டனர். புதிய மண்ணில் புதிய வாழ்வு தொடங்கியோரின் பழைய அடையாளத்தை மீண்டும் தோண்டுவது ஆறிய புண்ணைக் கீறுவதாகாதா? மறதியும் ஓர் அறமன்றோ?

இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால், மறதி எல்லாரையும் ஒருங்கே மூடுவதில்லை. உடையோனின் பெருமை உறுதிகளிலும் கோயிற் சாசனங்களிலும் நிலைத்திருக்க, இல்லோனின் வரலாறு மட்டுமே மறதிக்கு உரியதாகின்றது. உடைமையெனப் பதியப்பட்டவளின் பெயரை அவளது வழித்தோன்றல் மனிதப் பெயராக மீட்டெடுத்தல், அவ்வேட்டின் அநீதியை அவ்வேட்டைக் கொண்டே திருத்துவதாகும். ஆயின், அறிதல் வேறு, அறிவித்தல் வேறு. தன் முன்னோரை அறியும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அயலானின் முன்னோரை அம்பலத்தில் ஏற்றும் உரிமை எவருக்கும் இல்லை. தன் குலப்பெருமை நாட்டவோ பிறர் குலத்தை இழித்துரைக்கவோ மேற்கொள்ளும் தேடல், பழைய கணக்கப்பிள்ளையின் தொழிலைக் கூலியின்றித் தொடர்வதேயாம்.

ஏட்டிற்கும் உண்மைக்கும் உள்ள உறவு இக்காலத்து வன்னியிலேயே மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றபோது, பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் நிழற்படங்களும் இழந்தோர் பலர். பிள்ளைகளையே இழந்தோரும் பலர். 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போனோரின் இறப்பைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. 2016இல் செய்யப்பட்ட திருத்தம், இறந்தார் எனக் கூறாது, ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சான்றுபடுத்தும் பத்திரத்தையும் ஏற்படுத்தியது. ஆயினும், 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர்போராட்டம் நடத்திய தாய்மாருட் பலர், நடந்தது யாதெனக் கூறாத எப்பத்திரத்தையும் ஏற்க மறுத்தனர். விடை காணாமலே கண்மூடிய தாய்மாரும் உளர்.

இம்மறுப்பைப் பிடிவாதம் எனக் கொள்வோர் பதிவேட்டின் இயல்பை உணராதவராவர். இன்று ஒரு தாய் கையொப்பமிடும் வரியையே நூறாண்டு கழித்து ஒரு பேரன் திரையில் வாசிப்பான். அவனுக்கு அதுவே வரலாறாகிவிடும். எனவே, தான் அறியாத ஒன்றை ஏட்டிற்குத் தர மறுக்கும் தாய், பிறவாத சந்ததிக்கும் உண்மையைக் காக்கின்றாள். பழைய ஏடுகளைப் புரட்டுவோன் இதனை உளங்கொள்வானாயின், அவ்வேடுகளிலும் எத்தனை வரிகள் கேளாமல் எழுதப்பட்டன, எத்தனை மறுப்புகள் எழுதப்படாது போயின என்று ஐயுறக் கற்பான்.

ஆகவே, மூதாதையர் தேடல் பெயர்களைத் திரட்டுவதோடு நிறைவுறுவதன்று. கிடைத்த பெயருக்கு நன்றியும், கிடையாத பெயருக்கு இடமும் வைத்தல் அதன் அறமாகும். வமிசாவளியில் வெற்றிடம் தோன்றுமிடத்து, கற்பனையால் நிரப்பாது வெற்றிடமாகவே காட்டுதல் நேர்மை. அதனினும் மேலான கடமை ஒன்றுண்டு. குளக்கட்டிலும் திண்ணையிலும் இன்னும் பேச்சாய் வாழும் பாட்டிமாரின் நினைவை, அவர்தம் இசைவோடும் அவர்தம் சொல்லிலேயும் இன்றே எழுதிவைத்தல். ஆட்சியாளர் எழுதிய ஏடு இதுவரை வன்னியை எண்ணியது. வன்னி தன்னைத் தானே எழுதும் ஏடு இனித்தான் நிறைவுறல் வேண்டும்.