மறுப்பு என்றால் என்ன?



சென்ற வாரம் ஒரு தம்பி செல்போனை நீட்டினார். "ஹஜ்ரத், ஒருத்தரோட பயானுக்கு மறுப்பு போட்டிருக்கேன், பாருங்க." பதினைந்து நிமிட வீடியோ. "அவர் பேசினதை முழுசா கேட்டீங்களா?" என்றேன். "இல்ல ஹஜ்ரத், ஒரு துண்டுதான் வந்துச்சு."

தமிழில் 'மறுத்தல்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. விருந்தில் இன்னொரு கரண்டி பிரியாணி வேண்டாம் என்பதும் மறுப்பு, ஒரு வாதம் தவறு என்று நிரூபிப்பதும் மறுப்பு. முதலாவதற்குத் தலையை ஆட்டினால் போதும். இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். நாமோ தலையை ஆட்டிவிட்டு, நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அரபியில் 'தஹள' என்றொரு வினைச்சொல் உண்டு. அதன் மூலப்பொருள் கால் வழுக்குதல். தாமிரபரணிப் படித்துறையில் பாசிபிடித்த கல்லில் கால் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸிராத் பாலம் வழுக்கக்கூடியது என்று வரும் ஹதீஸிலும் இதே வேர்ச்சொல்தான். அல்லாஹ்வின் விஷயத்தில் வீண்தர்க்கம் செய்வோரின் வாதம் அவனிடத்தில் நிற்காது என்று ஷூரா அத்தியாயம் (42:16) சொல்லும்போதும் இச்சொல்லே வருகிறது.

ஆனால் வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தில் (18:56) இதே வினை வேறு கையில் இருக்கிறது. அசத்தியத்தைக் கொண்டு சத்தியத்தை வழுக்கிவிழச் செய்யப் பார்ப்பவர்களைப் பற்றிய வசனம் அது. எனக்குப் பயம் தருவது இதுதான். எதிராளி வாயடைத்துப் போனார் என்பதால் சத்தியம் நம் பக்கம் என்றாகிவிடாது. வாதம் செய்யும்போது உண்மை தம் நாவில் வெளிப்பட்டாலும் சரி, எதிராளியின் நாவில் வெளிப்பட்டாலும் சரி என்றிருந்தவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) என்று படிக்கிறோம். இங்கே மேலப்பாளையத்தில், ஒரு மறுப்பு வீடியோவுக்காக ஸலாம் நின்றுபோன அண்ணன் தம்பிகளை நான் அறிவேன்.

வழுக்கிவிட வேண்டுமானால் முதலில் அவரை நிற்க விட வேண்டும். தத்துவவாதிகளை எதிர்த்து 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), அவர்கள் சொல்வது என்ன என்று விளக்குவதற்கே 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்று தனி நூல் எழுதினார்கள். அதை லத்தீனில் படித்த ஐரோப்பியர் பலர் அவர்களையே அந்தத் தத்துவவாதிகளில் ஒருவராக எண்ணிவிட்டார்கள். அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்! தமிழிலும் பவணந்தி முனிவரின் நன்னூல் எழுவகை மதங்களைச் சொல்லும்போது, மறுத்தலை ஒன்றாகவும், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதை வேறொன்றாகவும் எண்ணுகிறது.

அந்தத் தம்பியிடம், எதிர்த்தரப்பின் வாதத்தை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு தாளில் எழுதி வாருங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.