ஜெயிச்சா நாம... தோத்தா அவங்க!

'ஜெயிச்சுட்டோம்ல!'

2024 ஆகஸ்ட் 4-ம் தேதி ராத்திரி திண்டுக்கல் பக்கம் எந்த டீக்கடையில் நின்றிருந்தாலும் இந்த வார்த்தை உங்கள் காதில் விழுந்திருக்கும். சேப்பாக்கத்தில் டி.என்.பி.எல். இறுதி ஆட்டம். முந்தைய ஆண்டு சாம்பியனான கோவை கிங்ஸை ஆறு விக்கெட் வித்தியாசத்தில் அடித்துப்போட்டு, திண்டுக்கல் டிராகன்ஸ் முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. கேப்டன் அஸ்வின் 52 ரன். 2018-ல் மதுரையிடமும் 2019-ல் சேப்பாக்கிடமும் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்ற அணி அது. குதிக்கத்தானே செய்வார்கள்?

சரி, ஜெயித்தது யார்? 'ட்டோம்' என்ற அந்த விகுதிக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள்?

அஸ்வின் சென்னைக்காரர். சுழலில் மிரட்டும் வருண் சக்ரவர்த்தி, 2018-ல் கோப்பை வாங்கிய மதுரை அணியில் இருந்தவர். பிறகு திண்டுக்கல்லுக்கு வந்தார். 2016-ல் திண்டுக்கல்லுக்காக யார்க்கர் யார்க்கராகப் போட்டு ஊரையே திரும்பிப் பார்க்கவைத்த சேலத்துக்காரர் நடராஜனை, 2023 ஏலத்தில் திருச்சி வாங்கிவிட்டது. காசு கொடுத்தால் ஆள் மாறுவார், சட்டை மாறும்.

பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊர்க் கொய்யாவைக் கூடையில் வைத்து 'ஆயக்குடி கொய்யா' என்று கூவி விற்றால், அந்தப் பேருக்குப் பின்னால் மண் இருக்கிறது, தண்ணி இருக்கிறது, ஒரு விவசாயியின் முதுகுவலி இருக்கிறது. கிரிக்கெட் அணியின் பேருக்குப் பின்னால்? ஏலச் சீட்டு!

அதனால் அந்த சந்தோஷம் பொய் என்று சொல்ல வரவில்லை சார். அடுத்த வருஷம் நடந்ததைக் கேளுங்கள்.

2025 ஜூலை 6. மறுபடி இறுதி ஆட்டம். இந்த முறை சொந்த மண்ணிலேயே... நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில். திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்தது. நடப்பு சாம்பியன் திண்டுக்கல் 102-க்கு ஆல் அவுட். 118 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

இப்போது அதே டீக்கடை என்ன சொல்லியிருக்கும்? 'தோத்துட்டோம்' என்றா? 'சொதப்பிட்டாய்ங்கப்பா' என்றா?

பதில் உங்களுக்கே தெரியும்.

இதை அமெரிக்காவில் ஒருவர் ஆராய்ச்சியே செய்து பார்த்திருக்கிறார். ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியர். அங்கே கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களுக்குக் கிறுக்குப் பிடித்த கூட்டம் உண்டு. சியால்டினியும் அவரது சகாக்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது இது: கல்லூரி அணி ஜெயித்தால், திங்கட்கிழமை கல்லூரிப் பேர் போட்ட சட்டைகள் வகுப்பில் அதிகமாகத் தென்படும். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்தபோது 'நாம்' அதிகம். தோற்றபோது 'அவர்கள்' அதிகம். இன்னொன்று... 'கேட்ட கேள்விகளில் நீ மோசம்' என்று சொல்லி மட்டம்தட்டப்பட்ட மாணவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. சொந்தக் கணக்கில் அடி வாங்கியவன், அடுத்தவன் வெற்றியில் ஒண்டிக்கொள்கிறான்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இதைப் பார்த்ததும் 1932-ம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம்தான் ஞாபகம் வருகிறது. அதில் 30-வது பிரிவு. மைனர் ஒருவன் கூட்டு வியாபாரத்தில் முழுப் பங்குதாரர் ஆக முடியாது. ஆனால், மற்றவர்கள் சம்மதித்தால் லாபத்தில் பங்கு வாங்கலாம். நஷ்டம் வந்தால்? கடையில் இருக்கும் அவன் பங்கு போகலாம். அவன் சொந்தச் சொத்தில் யாரும் கைவைக்க முடியாது. நாமெல்லாம் அப்படித்தான். மைனர் பங்காளிகள். கழுத்தில் செயின் மட்டும்தான் இல்லை!

'ஏன்யா, ஆடாத ஆட்டத்தோட தோல்வியை நான் எதுக்கு சுமக்கணும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், ஆடாத ஆட்டத்தின் வெற்றியை மட்டும் எப்படிச் சுமந்தீர்கள்? 2007 உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றபோது, ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீட்டைத் தாக்கினார்கள். 2011-ல் அதே தோனி கோப்பையை வாங்கியபோது, தேசம் முழுக்க 'நாம ஜெயிச்சுட்டோம்!' கல்லெறிந்தவன், 'பாசத்துலதான் எறிஞ்சேன்' என்பான். பாசக்காரன் தன் வீட்டு மேலேயே கல் எறிவானா?

கிரிக்கெட்டோடு போனால் பரவாயில்லை. வீட்டுக்குள் வாருங்கள்.

ரிசல்ட் வருகிறது. நல்ல மார்க் என்றால், 'எம் புள்ள' என்று அப்பா ஸ்வீட் பாக்கெட்டோடு தெருவெல்லாம் சுற்றுவார். ஃபெயில் என்றால், அம்மா பக்கம் திரும்பி, 'உம்மவன் பண்ணிருக்கற காரியத்தைப் பாத்தியா?' ஒரே ராத்திரியில் பிள்ளையின் கம்பெனியிலிருந்து அப்பா விலகிவிட்டார்!

கொய்யாவுக்கு அடுத்து ஆயக்குடிக்குப் பேர் வாங்கித் தந்தது, அங்கே நடக்கும் இலவசப் போட்டித் தேர்வு வகுப்புகள். பாஸ் பண்ணி வேலைக்குப் போனவரைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் 'நம்ம பய' என்பார்கள். மூன்றாவது முறையும் நாலு மார்க்கில் தவறவிட்டு, மறுபடி நோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாரே, அவர் யார் பயல்? 'நம்ம' என்ற சொல் அவருக்குத்தானே அதிகம் தேவை?

நேர்மையான வழி இரண்டுதான். இரண்டு நேரத்திலும் 'அவங்க' என்று சொல்லலாம். அதில் தப்பே இல்லை. கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். அல்லது இரண்டு நேரத்திலும் 'நாம' என்று சொல்லலாம். அதற்கு விலை உண்டு. தோற்றவன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அறிவுரை சொல்லாமல் ஒரு டீ வாங்கித்தர வேண்டும்.

அந்த 30-வது பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. மைனருக்கு 18 வயது நிறைந்த பிறகு ஆறு மாதத்துக்குள், தான் பங்குதாரரா இல்லையா என்று அவன் ஊரறியச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருந்தால், பங்குதாரர் ஆகிவிட்டதாகவே கணக்கு. லாபம், நஷ்டம் இரண்டுக்கும்!

நமக்கெல்லாம் 18 தாண்டி எத்தனை வருஷம் ஆகிறது?