நடுவில் எழுந்து போகிறவர்

மார்கழி மாதம் வந்துவிட்டால் நம் சங்கீத விமரிசகர்களுக்கு ஒரு கோபம் தவறாமல் வந்துவிடும். பாடகர் பிரதானமான கீர்த்தனையை முடித்துவிட்டு, மிருதங்க வித்வான் பக்கம் திரும்பித் தலையை அசைத்தாரோ இல்லையோ, சபையில் ஒரு சலசலப்பு எழும். முன் வரிசைப் பெரியவர் சால்வையை உதறிப் போட்டுக்கொள்வார். நடுவில் ஓர் அம்மாள் காலடியில் கைப்பையைத் தேடுவார். அவருக்கு வழிவிட நாலு பேர் முழங்காலை மடக்குவார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கி இரண்டு நிமிஷத்துக்குள் கால்வாசி நாற்காலி காலி. மறுநாள் பத்திரிகையில், ரசிகத்தன்மையே செத்துவிட்டது என்று ஒரு பத்தி வரும்.

இந்தக் கோபம் நியாயமானதுதான். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மிருதங்கக்காரருக்கென்று கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிஷம். அதற்காக அவர் எட்டு வயதிலிருந்து விரல் நோகச் சாதகம் செய்திருக்கிறார். சங்கீத கலாநிதி என்ற பட்டம் முதன்முதலாக ஒரு மிருதங்க வித்வானுக்குக் கிடைத்ததே 1966-இல்தான். வாங்கியவர் பாலக்காடு மணி ஐயர். சபைகளே அவ்வளவு தாமதமாக மதித்த வித்தையை, ரசிகரும் எழுந்து போய் அவமதிக்கலாமா? கூடாது. இதில் விமரிசகர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் எழுந்து போகிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒருவர் போவது சிற்றுண்டிச் சாலைக்கு. நெய் ரோஸ்ட் தீர்ந்துவிடுமே என்ற கவலை அவருக்கு. இன்னொருவர் போவது பஸ் நிறுத்தத்துக்கு. மேடையிலிருந்து பார்த்தால் இரண்டும் முதுகுதான், வித்தியாசம் தெரியாது. விமரிசகருக்கும் தெரிவதில்லை. எனக்குத் தெரிவதற்குக் காரணம், நான் அம்பத்தூரில் குடியிருக்கிறேன்.

பெரிய வித்வான்களின் கச்சேரி மாலை ஏழு மணி வாக்கில் தொடங்கி ஒன்பதரை வாக்கில் முடிகிறது. மயிலாப்பூர்க்காரர் மங்களம் கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய், ரசம் சாதம் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுத்துவிடலாம். அம்பத்தூர்க்காரர் முதலில் சென்ட்ரலுக்கு வர வேண்டும். பிறகு மின்சார ரயில். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று அது ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வரும். ஆவடி இன்னும் மூன்று ஸ்டேஷன் அப்பால். சென்ட்ரலிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். ஸ்டேஷனில் இறங்கினால் பயணம் முடிந்ததா? இல்லை. வீடு என்னவோ இன்னும் இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு இன்னும் மூன்று பேர் சேரும்வரை நிற்க வேண்டும். பெண்பிள்ளை கூட வந்திருந்தால் நிற்கிற நிலையே வேறு. பூந்தமல்லிக்காரர் பாடு இதைவிட ஒரு படி மோசம். அவர் நெடுங்காலமாகப் பஸ்ஸை மட்டும் நம்பிப் பிழைத்தவர்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறு வயதில் கும்பகோணம் பக்கத்தில் கொஞ்சம் மிருதங்கம் கற்றுக்கொண்டு, பிறகு பிழைப்புக்காக விட்டவர். தாளம் போடும்போது அவர் தொடையைப் பார்த்தால், உட்கார்ந்திருக்கிற வித்வான் யார் என்று சொல்லிவிடலாம். தனி ஆவர்த்தனத்தில் அவருக்கு இருக்கிற மோகம் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் அதன் நடுவில் எழுந்து போகிறவரும் அவரேதான். ஒரு நாள் கேட்டேன். "நாற்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறேன் சார். மங்களம் கேட்டதெல்லாம் கல்யாண வீட்டில்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கடைசிவரை உட்கார்ந்திருப்பதைப் பண்பு என்று சொல்கிறோம். பண்பாக இருக்கலாம். ஆனால் அதில் எவ்வளவு பண்பு, எவ்வளவு வீட்டு விலாசம் என்று பிரித்துப் பார்த்ததுண்டா? தேவடித் தெருவில் வீடு இருந்தால் என் பக்கத்து வீட்டுக்காரரும் பரம ரசிகர்தான்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. உண்மையான ரசனை இருந்தால் சிரமம் ஒரு பொருட்டா என்பார்கள். நடந்து போய்க் கச்சேரி கேட்ட பழைய ரசிகர்களின் கதைகளைச் சொல்வார்கள். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திருநாளைப்போவார் ஞாபகம் வருகிறார். சிதம்பரத்துக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய அந்த நந்தனாரின் ஏக்கத்தை எத்தனை மேடையில் பாடியிருக்கிறோம், எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்! அவரைக் காத்திருக்க வைத்தது யார் என்ற கேள்விக்கு வரும்போது மட்டும் பாட்டு வேகமாக நகர்ந்துவிடுகிறது. அந்தக் கொடுமையோடு ரயில் பிடிப்பதை ஒப்பிடுவது அபசாரம், நான் ஒப்பிடவில்லை. வாதத்தின் ஜாடையைத்தான் சொல்கிறேன். வெளியே நிற்பவனுடைய தாகத்தைப் புகழ்ந்துவிட்டால், கதவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

யாரும் சதி செய்து இப்படி ஆக்கிவிடவில்லை. 1955 ஜனவரியில் எங்கள் ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடியது. சமதர்ம பாணியில் சமுதாயம் அமைப்போம் என்று அங்கேதான் தீர்மானம் போட்டார்கள். மாநாட்டுத் திடலுக்கு வைத்த பெயர் சத்தியமூர்த்தி நகர். சத்தியமூர்த்தியோ அரசியல் மேடையில் முழங்கியதோடு நாடக மேடையிலும் வேஷம் கட்டியவர். அதே 1955-இல், அக்டோபரில், ஆவடிக்கு வந்த அதே நேரு சென்னை சங்கீத வித்வத் சபையின் அரங்கத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1962-இல் அரங்கம் திறந்தது. அதற்கு முந்தின வருஷம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை பிறந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. அம்பத்தூரில் அதற்கு முன்பே சைக்கிள் செய்துகொண்டிருந்தார்கள். ஆக, மேற்கே பட்டறை, தெற்கே பாட்டு என்று பாகப் பிரிவினை தானாக நடந்துவிட்டது. பங்காளிகள் யாரும் கையெழுத்துக்கூடப் போடவில்லை.

இப்போது சினிமாவுக்கும் இதே கதைதான். பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கத்தில் படப்பிடிப்புத் தளங்கள் இருக்கின்றன. அரண்மனையும் கோட்டையும் ஒட்டுப் பலகையில் எழும்பி, ஒரு மாதத்தில் மறைகின்றன. பூந்தமல்லிக்காரருக்கு அவற்றால் கிடைப்பது வழியில் நிற்கும் லாரிகள். சரி, அது போகட்டும்.

2017-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் சங்கீதத்துக்காகச் சென்னையைத் தன் படைப்பூக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. அம்பத்தூர் 2011-இலேயே மாநகராட்சியில் சேர்ந்துவிட்டபடியால், அந்தக் கௌரவத்தில் எங்களுக்கும் ஓர் அணா பங்கு வருகிறது. ஆவடிக்காரர்களுக்கு அதுவும் இல்லை. 2019 முதல் அவர்கள் தனி மாநகராட்சி.

வேடிக்கை என்னவென்றால், நடுவில் எழுந்து போகிற சங்கடமே இல்லாத ஒரு கலை இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கமெல்லாம் தெருக்கூத்தின் சீமை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். கூத்து இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடிந்துதான் முடியும். ஏன் விடிய விடிய ஆட வேண்டும்? அறிஞர்கள் சடங்கு சம்பந்தமான காரணங்கள் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது சாதாரணமான காரணம். ஐந்து மைல் நடந்து வந்த குடியானவன் நள்ளிரவில், இருட்டில், வரப்பு வழியாக எப்படித் திரும்புவான்? ஆகவே வெளிச்சம் வரும்வரை ஆடினார்கள். குழந்தை தாய் மடியில் தூங்கும். துச்சாதனன் வந்து கூச்சல் போடும்போது விழித்துக்கொள்ளும். பெரியவர்கள் கண் செருகினால் கட்டியங்காரன் வந்து கிச்சுக்கிச்சு மூட்டுவான். டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தால் யாரும் முறைப்பதில்லை. எழுந்து போவது அங்கே அவமரியாதை அல்ல. ஊருக்குப் போய்ச் சேர்வதும் ஆட்டத்தில் ஓர் அங்கம் என்று கூத்தாடிக்குத் தெரிந்திருந்தது.

பழைய நாளில் சங்கீதக் கச்சேரிகூட நாலு மணி, ஐந்து மணி நேரம் நடந்ததுதான். அதைச் சுருக்கி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த பெருமையை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் கொடுப்பார்கள். அவர் செய்தது காலத்துக்கு ஏற்ற காரியம். ஆபீசுக்குப் போகிற ரசிகனைப் பார்த்துக் கடிகாரத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்தக் கடிகாரம் திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் சரியாக இருந்த கடிகாரம். நகரம் அதன் பிறகு மேற்கே ஓடிவிட்டது. கடிகாரத்தை யாரும் திருத்தி வைக்கவில்லை.

கூத்துக்கோ வேறு விதமாக இடி விழுந்தது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கங்களுக்கு விலக்கு உண்டு. திறந்த வெளியில் திருவிழாக்களுக்காக அரசாங்கம் வருஷத்தில் 15 நாள்வரை நள்ளிரவு மட்டும் சலுகை தரலாம். விதி நல்ல விதி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருதய நோயாளியும் தெருவில் இருக்கும்போது, கூம்புக் குழாயை ஜன்னலுக்கு நேரே கட்டுவது கலையாகாது. நானே இரண்டு முறை மனுக் கொடுத்திருக்கிறேன். ஆயினும் அந்த நல்ல விதி யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். குளிர்பதன அரங்கம் வைத்திருப்பவருக்கு அது பொருட்டே இல்லை. வானத்தைக் கூரையாகக் கொண்டவனுக்குத்தான் பத்து மணி. புனாவில் பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாகூட ஒரு காலத்தில் இரவெல்லாம் நடந்தது. இந்த விதி வந்த பிறகு அதுவும் சுருங்கிப்போயிற்று. கல்கத்தாவின் டோவர் லேன் சங்கீத மாநாடு மட்டும் ஜனவரிக் குளிரில் போர்வையும் குரங்குக் குல்லாயுமாக விடிய விடிய நடக்கிறது என்று கேள்விப்படும்போது பொறாமையாக இருக்கிறது. விடிந்ததும் முதல் ரயில் இருக்கிறது. யாருக்கும் பாதியில் எழவேண்டிய அவசியம் இல்லை.

சென்னையில் முயற்சியே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். 2007-இல் சென்னை சங்கமம் பூங்காக்களுக்குப் பறையையும் கரகத்தையும் கொண்டுவந்தது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் தெருவில் கர்நாடக சங்கீதம் ஒலித்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் ஆல்காட் குப்பம் பெசன்ட் நகரின் மடியில் இருக்கிறது. போகிறவருக்கும் அது பக்கம்தான்.

2020 டிசம்பரில் கொரோனா வந்து எல்லாச் சபைகளையும் பூட்டியபோதுதான் மயிலாப்பூரும் ஆவடியும் சமமாயின. கச்சேரிகள் இணையத்தின் வழியே வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் பேரனின் கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் எல்லாம் கேட்டார். முடிந்ததும் தன்னை மறந்து கைதட்ட, உள்ளேயிருந்து வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்களாம். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "எல்லாம் கேட்டது சார். ஆனால் பக்கத்தில் தாளம் போட ஆள் இல்லை" என்றார். கைப்பேசி இருக்க அரங்கம் எதற்கு என்று கேட்கும் புத்திசாலிகள் இதைக் கவனிக்க வேண்டும். சங்கீதம் காதுக்கு வந்துவிட்டது. சபை வரவில்லை.

நகரத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் எங்கள் பக்கத்துக் குற்றம் மறைந்துவிடும். இங்கே குடியேறியவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள். காலுக்குக் கீழே இருக்கிற மண்ணின் கூத்தை இவர்களில் பெரும்பாலோர் பார்த்ததுகூட இல்லை. பார்த்தாலும், "அது அவர்கள் ஆடுகிற ஆட்டம்" என்று சொல்லும் நாக்கு இருக்கிறது. கோயில் கமிட்டி பணம் திரட்டினால் தொலைக்காட்சியில் முகம் தெரிந்தவரை மெல்லிசைக்குக் கூப்பிடும். இல்லாவிட்டால், சீஸன் முடிந்த பிறகு மிச்சம் மீதி தேதி இருக்கிற வித்வான் யார் என்று தேடும். ஆறின காபிக்குக் காத்திருப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டோம்.

இத்தனைக்கும் எங்களிடம் இல்லாதது இடம் அல்ல. அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை, அந்தப் பக்கம் பூந்தமல்லி வரை, கல்யாண மண்டபங்களுக்குக் குறைவே இல்லை. மேடை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஒலிபெருக்கி, மின்விசிறி, ஐந்நூறு பேருக்குப் பொங்கல் கிண்டுகிற சமையற்கட்டு எல்லாம் இருக்கிறது. நாலு சுவருக்குள் நடப்பதால் பத்து மணி விதியும் குறுக்கே நிற்காது. மார்கழியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை. மயிலாப்பூரில் நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கிற அதே 30 நாளும் இங்கே இத்தனை மண்டபங்களும் பூட்டிக் கிடக்கின்றன.

போன கார்த்திகையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மண்டபத்துக்குப் போய், மார்கழியில் ஒரு நாள் வாடகை என்ன என்று விசாரித்தார். "மார்கழியிலா? என்ன விசேஷம் சார்?" என்று மானேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். ராத்திரி முழுக்கக் கூத்து, மறுநாள் காலையில் ஒரு கச்சேரி என்றதும், மின்சாரக் கட்டணமும் பெருக்குகிறவர் கூலியும் கொடுத்தால் போதும், ஆனால் பதிவு செய்த சங்கத்தின் பெயரில் கடிதம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். இதுவரை ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். அவர்களில் ஒருவர், கூத்தெல்லாம் சரி, மாலைக் கச்சேரி ஏதாவது வைத்தால் எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவருக்கு வீடு பூந்தமல்லியில்.