பட்டப் படிப்பின் பயன் யாது?

ஆண்டுதோறும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வெளிவந்த சில நாட்களில் நமது தோட்டத்து ஆபீசில் ஒரு காட்சி நிகழ்வதுண்டு. தாயோ தந்தையோ முன்னே வர, பின்னே ஒரு பிள்ளை கைப்பேசியை ஏந்தி நிற்கும். அதன் திரையில் பல்கலைக் கழகங்கள் நடத்தும் பட்டப் படிப்புகளின் பட்டியல் நீண்டு கிடக்கும். மருத்துவம், சட்டம், பொறியியல், பொருளாதாரம், கணக்கியல், தாவரவியல், வரலாறு, மொழி என்று கடைத்தெருப் பலகைகளைப்போல் அவை வரிசையாகத் தோன்றும். "கிராணி ஐயா, இவற்றுள் எதைப் படித்தால் நல்ல சம்பளம் கிடைக்கும்?" என்று பெற்றோர் வினவுவர். ஆங்கில வழியில் படித்தவன் என்பதனாலும், நாள் முழுதும் கணக்கேட்டோடு பழகுபவன் என்பதனாலும், இதற்கு விடை நம்மிடம் இருக்கும் என்று அவர்கள் நம்புகின்றனர். நாமும் பல ஆண்டுகளாகத் தயக்கமின்றி விடை கூறி வந்திருக்கிறோம்.

அவ்விடை நேர்மையானதுதானா என்ற ஐயம் அண்மையில் நமக்கு உண்டாயிற்று. அதனை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று கூறிவிடுவோம். சம்பளத்தைப் பற்றிக் கேட்பது இழிவு என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, வெயிலில் செம்பனைக் குலை வெட்டி, மாத முடிவில் கடைக்காரனுக்குக் கணக்குத் தீர்க்கும் ஒரு தகப்பனுக்குக் கல்வியின் உயர்வைப்பற்றிப் பாடம் சொல்ல நமக்கு என்ன தகுதி உண்டு? வறியவன் சோற்றைக் கேட்பது நியாயமே. சோற்றை மட்டுமே அவன் கேட்கவேண்டும் என்று பிறர் தீர்மானிப்பதுதான் அநியாயம். அத்தீர்மானத்தைச் செய்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதே நமது மனத்தை உறுத்துவது.

பட்டப் படிப்பு ஒன்று எதனைக் கற்பிக்கிறது? செய்திகளைக் கற்பிக்கிறது, ஒரு தொழிலையும் கற்பிக்கிறது. இவ்விரண்டையும் யாவரும் அறிவர். மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒவ்வொரு துறையும் உலகை நோக்கி ஒரு தனிக் கேள்வியைக் கேட்கக் கற்பிக்கிறது. செய்திகள் மறந்துபோகும், தொழிலும் காலத்தால் மாறும், கேட்கப் பழகிய கேள்வியோ, பழகியவனை விட்டு எளிதில் நீங்குவதில்லை.

இதனை விளக்க, நமது மக்கள் நன்கறிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். சுங்காய் வட்டாரத்தில் இன்று செம்பனையே மிகுதி. எனினும், நம் முன்னோரிற் பலரைக் கடல் கடந்து இந்நாட்டிற்கு வரச்செய்தது ரப்பர் மரமே. அம்மரத்தின் முன்னே ஒவ்வொரு துறையின் மாணவனையும் நிறுத்திப் பார்ப்போம்.

தாவரவியல் பயில்வோன், "இஃது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பான். 1876 இல் விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அவற்றிற் சிறு பங்கே முளைத்தது. 1877 இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவ்வழி வந்தவற்றுள் சில நமது பேராக்கிலேயே கோலகங்சாரில் நடப்பெற்றன. வேதியியல் பயில்வோன், "இதன் பால் ஏன் உறைகிறது? உறைந்தது ஏன் வெயிலில் இளகுகிறது?" என்று கேட்பான். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கராகிய குட்இயர் 1839 இல் கண்டறிந்திராவிடில், இத்தனை தோட்டங்களுக்கு வேலையே இருந்திராது. பொருளாதாரம் பயில்வோன், "இதற்கு விலை வைப்பவர் யார்?" என்பான். 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்தியதையும், அடுத்து வந்த உலகப் பெருமந்தத்தில் விலை வீழ்ந்து, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டதையும் அவன் காண்பான்.

மருத்துவம் பயில்வோன் மரத்தை விட்டு அதனடியில் நின்ற மனிதனை நோக்குவான். காடழித்த இடங்களில் மலேரியாக் காய்ச்சல் ஏன் கூலிகளைக் கூட்டங் கூட்டமாய்க் கொன்றது என்பது அவனது வினா. 1897 இல் ரொனால்டு ராஸ் கொசுவினிடத்தில் அந்நோயின் கிருமியைக் கண்டதும், 1901 முதல் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்து நோயைத் தணித்ததும் அவனுக்குப் பாடமாகும். சட்டம் பயில்வோன், "அம்மனிதன் எந்த ஒப்பந்தத்தின்படி இங்கு நின்றான்? அவ்வொப்பந்தம் அவன் அறிந்து செய்ததுதானா?" என்பான். மலாயாவில் இந்தியர் ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் ஒழிந்ததையும், அதன்பின்னும் கங்காணி வழி ஆள் சேர்த்தல் நீடித்ததையும் அவன் ஆராய்வான். வரலாறு பயில்வோனோ, "அம்மனிதன் என்ன நினைத்தான்?" என்று கேட்பான். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை அவன் புரட்டுவான். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அங்குக் கோரிக்கையாக இருந்தது. அரை வயிற்றுக்கு உண்டவனும் மானத்தைக் கேட்டான் என்பது வேறெந்த வகுப்பில் தெரியவரும்?

மரம் ஒன்றே, கேள்விகள் பல. இவற்றுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது? ஒன்றை விலக்கினாலும் மரத்தின் ஒரு பக்கம் இருண்டுபோகும். ஆயினும், மூன்று நான்கு தலைமுறையாக அம்மரத்தின் நிழலிலேயே பிறந்து, அதன் பாலைச் சுமந்தவர்களுக்கு இக்கேள்விகளுள் எது கற்பிக்கப்பட்டது? எதுவும் கற்பிக்கப்படவில்லை. பட்டையை எந்தச் சாய்வில் சீவவேண்டும் என்பது மட்டுமே கற்பிக்கப்பட்டது.

பாடத்தை வகுப்பவர்கள் கேள்வியைத் தவிர்த்துத் தொழிலை மட்டும் புகட்ட முயல்வது புதிதன்று. நமது ஊருக்குத் தெற்கே அதே இருப்புப்பாதையில் தஞ்சோங் மாலிம் உள்ளது. அங்கே 1922 இல் மலாய் ஆசிரியர்களுக்கென்று சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டது. 1997 முதல் அது பல்கலைக் கழகம். அக்காலத்து ஆங்கில ஆட்சியாளர், உழவனின் மகன் சற்றுச் சிறந்த உழவனானால் போதும் என்று கருதினர்; ஆதலின் கூடை முடைதலும் தோட்ட வேலையும் அங்கே பாடங்களாயின. ஆயினும் விளைந்தது என்ன? அக்கல்லூரியில் பயின்ற இபுராகிம் யாக்கோப் 1938 இல் மலாய் இளைஞர் சங்கத்தை அமைத்து, அவ்வாட்சியையே கேள்வி கேட்டார். கூடை முடையக் கற்பித்த இடத்திலும் மாணவர்கள் ஒன்றுகூடினர், படித்தனர், சிந்தித்தனர். கேள்வியைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கலாம். மாணவனின் உள்ளத்திலிருந்து நீக்குவது எளிதன்று.

நம்மவர் வரலாற்றிலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி உண்டு. மலாயாப் பல்கலைக் கழகம் 1949 அக்டோபரில், மருத்துவக் கல்லூரியும் இராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து சிங்கப்பூரில் உருவாயிற்று. அங்கே இந்திய இயல் துறை ஒன்று அமைக்கக் கருதியபோது, அறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரின் ஆலோசனை சமஸ்கிருதத்திற்கு முதன்மை தந்தது. இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழராயிருக்க, அவர்தம் மொழி பின்னிற்பதா என்று தமிழ் முரசு இதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி கிளர்ச்சி செய்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் நிதி திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளரும் தம்மால் இயன்றதை ஈந்தனர். 1956 இல் துறை தோன்றியது. தமிழ் அதில் இடம்பெற்றது. பின்னர்த் தனிநாயகம் அடிகளார் அத்துறையின் தலைவராயிருக்க, 1966 இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இதில் நாம் கருதவேண்டுவது ஒன்றுண்டு. அந்நிதிக்குக் கொடுத்த தொழிலாளருள் பலர் பல்கலைக் கழக வாயிலைக் கண்டிலர். தம் பிள்ளைகள் அங்கே சென்று சம்பளம் பெறுவர் என்ற உறுதியும் அவர்களுக்கு இல்லை. இருந்தும், அங்கே எது கற்பிக்கப்படவேண்டும் என்று சொல்லத் தமக்கு உரிமை உண்டென்று அவர்கள் எண்ணினர். எழுதப் படிக்க அரிதாகவே அறிந்த அவர்கள் அன்று கேட்டது சோறன்று. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு யோசனை கூறும் படித்த கிராணியாகிய நாம் செய்தது என்ன? அதைக் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பெண் தன் தந்தையோடு நம்மிடம் வந்தாள். தந்தை குலை வெட்டுபவர். மகள் வரலாறு பயில விரும்பினாள். காரணம் கேட்டோம். "என் பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று பாட்டிக்கே தெரியவில்லை, ஐயா. அதை எப்படித் தேடுவது என்று நான் கற்கவேண்டும்" என்றாள். தந்தை நம் முகத்தைப் பார்த்தார். நாம் சிரித்தோம். "அம்மா, பூட்டன் ஊரைக் கண்டுபிடித்தால் வீட்டு வாடகை கட்ட முடியுமா? கணக்கியலை முதலிடத்தில் எழுது" என்றோம். அவள் எழுதினாள், இடமும் கிடைத்தது. நல்ல காரியம் செய்தோம் என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

சென்ற தீபாவளி விடுமுறையில் அவள் ஆபீசுக்கு வந்தாள். படிப்பு எப்படி என்று விசாரித்தோம். தணிக்கைப் பாடத்தைப் பற்றிச் சொன்னாள். ஏட்டின் இருபுறமும் ஒத்திருப்பதனால் மட்டும் அது உண்மையாகிவிடாது. நடந்தவை யாவும் ஏட்டில் ஏறியுள்ளனவா என்றும் பார்க்கவேண்டும் என்பது அங்கே கற்பித்த பாடம். அதைக் கூறிவிட்டு, நமது மேசைமீதிருந்த செக்ரோலை நோக்கினாள். "ஐயா, அம்மா பதினைந்து வருடமாக அப்பாவோடு போய் உதிரிப் பழம் பொறுக்குகிறார். அம்மாவின் பெயர் இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டாள்.

எந்தப் பக்கத்திலும் இல்லை. எடைக்குக் கூலி, எடை கணவன் பெயரில் ஏறும். அப்படித்தான் நமக்கு முன்னிருந்தவர் எழுதினார்; அப்படியே நாமும் எழுதினோம். ஒரு மாதமேனும் நமது கூட்டல் பிழைத்ததில்லை. கூட்டலைச் சரியாகப் போடவும், அழகிய ஆங்கிலத்தில் கடிதம் வரையவும் நமது பள்ளி கற்பித்தது. ஏட்டில் இல்லாதவர் யார் என்று கேட்க நாம் கற்கவில்லை, கற்க முயலவுமில்லை.

அன்று நாம் இரண்டு உண்மைகளை உணர்ந்தோம். கணக்கியலைச் சோற்றுப் படிப்பு என்று எண்ணி அவள்மீது சுமத்தினோமே, அப்படிப்பையே நாம் அறியவில்லை என்பது ஒன்று. அதனுள்ளும் ஓர் அறம் இருக்கிறது. மறைந்திருப்பதைத் தேடும் நேர்மை இருக்கிறது. வரலாற்றை வீண் என்று தள்ளினோமே, பூட்டனின் ஊரைத் தேடிய அதே உள்ளந்தான் தாயின் பெயரையும் தேடியது என்பது மற்றொன்று. தான் கொண்டுசென்ற கேள்வியை அவள் அங்கேயும் இழக்கவில்லை. அது அவளுடைய பெருமை. நமது யோசனையின் பெருமை அன்று.

"அப்படியாயின் எந்தப் படிப்பும் ஒன்றுதானே, யார் தேர்ந்தெடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அன்று. தன் கேள்வியைப் பறிகொடுத்துவிட்டு, சம்பளம் ஒன்றையே கருதிச் செல்பவனுக்குச் சட்டம் வெறும் பிரிவு எண்களாகவும், மருத்துவம் வெறும் மருந்துப் பெயர்களாகவும், தமிழ் வெறும் மனப்பாடமாகவுமே முடியும். அத்தகையோர் பட்டம் பெறுவர். கேள்வி கேட்பவரைக் கண்டால் அஞ்சுவர். அப்பெண் தப்பினாள். நமது சொற்கேட்டு வேறு துறைகளுக்குச் சென்ற பிற பிள்ளைகள் எல்லாரும் தப்பினார்கள் என்று நாம் சொல்லமுடியுமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெண்ணாயிருந்தால் ஆசிரியர் வேலை போதும் என்றும், தோட்டத்துப் பிள்ளையாயிருந்தால் கைத்தொழிற் பயிற்சி போதும் என்றும் கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. ஆசிரியப் பணியும் கைத்தொழிலும் மேன்மையானவையே. ஆனால், 'போதும்' என்ற அச்சொல் யாருடையது? உழவன் மகன் உழவனானால் போதும் என்று அன்று சொன்ன ஆட்சியாளருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஆதலின் இனி நம்மிடம் வரும் பிள்ளையிடம் முதலில் ஒன்று கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம்: "நீ எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய்?" அதன்பின்னரே கட்டணத்தையும், கடனுதவியையும், வேலை வாய்ப்பையும் அவன் பெற்றோரோடு மறைக்காமல் பேசுவோம். இரண்டையும் அறிந்தபின் அப்பிள்ளை சம்பளத்தையே தேர்ந்தால் அதுவும் மதிக்கத்தக்கதே. தேர்ந்தது அப்பிள்ளையாயிருக்கும், நாமாயிராது. தோட்டப்புறங்களில் நம்மைப்போல் யோசனை கூறும் நிலையிலுள்ள கிராணிமாரும் ஆசிரியர்களும் இவ்வாறே செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

உதிரிப் பழம் பொறுக்கும் மனைவியரின் பெயர்களையும் செக்ரோலில் ஏற்ற அனுமதி வேண்டி நிர்வாகத்திற்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை. மீண்டும் எழுதுவோம்.